கொடி தூக்கிய தபால்காரர்

கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ரெஜாப் என்று மட்டும் சொல்லி விசாரித்தால் எந்த ரெஜாப் என்று திருப்பிக் கேட்பார்கள். தபால் ரெஜாப் என்றால் தெருநாய்கூட வழிகாட்டும். பன்னிரண்டு வருடமாக ஒரே சைக்கிளில் ஒரே பாதையில் போய்வந்த மனிதர். ஒருமுறை கிளந்தானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் ‘பாலத்துக்குப் பக்கத்தில் ரம்புத்தான் மரத்து வீட்டு அஸ்மாவுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தது. பாலத்தைச் சுற்றி மூன்று அஸ்மா இருந்தார்கள், ரம்புத்தான் மரம் இல்லாத வீடே கிடையாது. ரெஜாப் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். போன ஹரிராயாப் பெருநாளுக்கு இதே கையெழுத்தில் வந்த வாழ்த்து அட்டையை எந்த வாசலில் கொடுத்தோம் என்று யோசித்தார். நேராகப் போய் சரியான அஸ்மாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். யாருக்கு யார் எழுதுகிறார்கள், யாருக்கு யார் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை.

ஒல்லியான ஆள். முப்பத்தெட்டு வயதிலும் தொப்பை விழவில்லை. சிரிக்கும்போது மட்டும் கையால் வாயை மறைத்துக்கொள்வார், முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்ததால். அது தபால் இலாகாவின் கால்பந்து அணியில் ஆடிய காலத்தில் யாரோ ஒருவருடைய முழங்கை தந்துவிட்டுப் போனது. அந்த அணியில் அவர் வலது ஓரத்து ஆட்டக்காரர். ஓடுவார், யாரும் பிடிக்க முடியாதபடி ஓடுவார். பந்துதான் கூட வராது. அதனால் பாதி ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்துதான் இருப்பார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் மின்சார இலாகாவோடு ஆட்டம். கோட்டோரம் கொடி பிடிக்க வேண்டிய லைன்ஸ்மேன் வரவில்லை. “ரெஜாப் சும்மாதானே குந்திக்கிட்டு இருக்கான், அவன் கையில குடுங்க” என்று யாரோ சொல்ல, கொடி அவர் கைக்கு வந்தது. தொண்ணூறு நிமிடம் ஓடினார். ஆட்டம் முடிந்ததும் தோற்றுப்போன மின்சார இலாகா கேப்டன் நேராக அவரிடம் வந்தார்.

“எங்க ஆளுங்களுக்கு நாலு தடவ கொடி தூக்கினீங்க.”

ரெஜாப் ஓரடி பின்வாங்கினார்.

“நாலும் சரிதான் அண்ணே” என்று சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டுப் போனார் அவர்.

கால்பந்தில் ரெஜாப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதற்குப் பிறகு அவர் பந்தைத் தொடவில்லை. நடுவர் பரீட்சை எழுதினார், படிப்படியாக மேலே வந்தார். ஐந்தாறு வருடத்தில் ஆகஸ்ட் மாதத்து மெர்டேக்கா, அதாவது சுதந்திர தினப் போட்டிக்குக் கொடி பிடிக்கும் உள்ளூர்க்காரர்கள் பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்தது.

மெர்டேக்கா போட்டி என்றால் அன்றைக்குக் கோலாலம்பூரில் அதுதான் பெருநாளுக்கு முந்திய பெருநாள். பர்மா, கொரியா, ஜப்பான், இந்தியா, தாய்லாந்து, இந்தோனேசியா என்று அழைப்பு அனுப்பி வரவழைத்து ஆடுவார்கள். காப்பிக்கடைகளில் வானொலியின் சத்தம் தெருவுக்குக் கேட்கும். காப்பிக்கடை முதலாளி ‘தவுக்கே’ தியாம் தன் கடையில் சாப்பாட்டு விலை எழுதும் கரும்பலகையை அந்த மூன்று வாரமும் அழித்துவிட்டு யார் யாரை எத்தனைக்கு ஜெயித்தார்கள் என்று எழுதி வைப்பார். விலையைக் கேட்டால், “போன மாசம் எவ்வளவோ அதான் லா” என்பார். ரெஜாப் வருடத்து விடுமுறை முழுவதையும் சேர்த்து வைத்து அந்த மூன்று வாரத்துக்குத்தான் எடுப்பார். அவர் மனைவி கம்சியா அதைப் பற்றி ஒரு தடவைதான் பேசினாள்.

“எல்லார் வீட்டு ஆம்பளையும் லீவு போட்டா பொண்டாட்டிய பினாங்குக்குக் கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு வாய்ச்சவரு கொடியத் தூக்கிட்டு ஓடுறாரு.”

சொல்லிவிட்டு அவளே அவருடைய கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

லைன்ஸ்மேன் வேலை பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். பந்தை ஒருவன் உதைத்து அனுப்பும் அந்த நொடியில், அதை வாங்கப் போகிறவன் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டிப் போயிருந்தால் அது ஆஃப்சைட், கொடியைத் தூக்க வேண்டும். உதைக்கிறவன் இந்தக் கோடியில் இருப்பான், வாங்குகிறவன் முப்பது கஜம் தள்ளி இருப்பான். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்க்க இரண்டு ஜோடிக் கண் வேண்டும். கண்ணைத் தடுப்பாளர் மேல் வைத்துக்கொண்டு உதையைக் காதால் பிடிக்கப் பழக வேண்டும் என்பது ரெஜாப் தானாகவே கண்டுபிடித்த வழி. அதற்கு அவர் வீட்டுக் கொல்லையில் செய்த பயிற்சியைக் கேட்டு வட்டாரமே சிரித்தது.

கம்சியா பதினைந்து கோழி வளர்த்தாள். கொல்லையின் குறுக்கே ஒரு கயிற்றைக் கிடத்துவார்கள். அவள் தீனியை வீசிவிட்டுத் தகர டப்பாவில் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டும் சத்தம் கேட்ட நொடியில் கயிற்றை எந்தக் கோழி தாண்டியது, எது தாண்டவில்லை என்று ரெஜாப் சொல்ல வேண்டும்.

“கறுப்பி தாண்டிட்டா. செவலை தாண்டல.”

“ஏமாத்தாதீங்க, செவலை மூக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு.”

“மூக்கு கணக்கா?”

“கோழிக்கு மூக்குதானே முன்னாடி இருக்கு?” என்பாள் அவள். “இந்த நாட்டுலயே கோழிக்கு ஆஃப்சைட் சொல்ற ஒரே ஆம்பள நீங்கதான். வெளிய சொல்லிடாதீங்க.”

வெளியே சொன்னது அவள்தான். முதலில் பத்தில் மூன்று தப்பாகச் சொன்னவர், ஒரு வருடத்தில் இருபதில் ஒன்றுதான் தப்பு என்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

பட்டியலில் பெயர் இருந்தாலும் அவருக்குக் கிடைத்ததெல்லாம் சின்ன ஆட்டங்கள்தான். மத்தியான வெயிலில் ஜப்பானும் ஹாங்காங்கும் ஆடும், அரங்கத்தில் முக்கால்வாசி காலியாக இருக்கும். நம் நாட்டு அணி ஆடும்போது வெளிநாட்டுக்காரர்களைத்தான் கோட்டோரம் நிறுத்துவார்கள். அதுதான் முறை.

அந்த வருடம் அரையிறுதியில் நம் அணிக்கும் பர்மாவுக்கும் ஆட்டம் விழுந்தது. ஆகஸ்ட் முப்பது, மாலை ஐந்து மணி. மறுநாள் சுதந்திர தினம். ஊர் முழுக்கக் கொடித் தோரணம். மத்தியானம் இரண்டு மணிக்கு, லைன்ஸ்மேனாக நிற்க வேண்டிய தாய்லாந்துக்காரருக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்று செய்தி வந்தது. மற்றவர்கள் வேறு ஊரில் வேறு ஆட்டத்துக்குப் போயிருந்தார்கள். கால்பந்துச் சங்கச் செயலாளர் தர்மிசி, நேரத்தோடு வந்து பார்வையாளர் வரிசையில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த ரெஜாப்பைத் தேடிப் பிடித்தார்.

“சட்டை கொண்டாந்திருக்கீங்களா?”

“எப்பவும் பையில இருக்கும் என்சிக்” என்று மரியாதையாகச் சொன்னார் ரெஜாப்.

“பர்மாக்காரங்ககிட்ட கேட்டாச்சு, ஒத்துக்கிட்டாங்க. போய் மாத்திக்குங்க.” போகத் திரும்பிய தர்மிசி மறுபடி கேட்டார். “பயமா இருக்கா?”

“இருக்கு” என்றார் ரெஜாப், கச்சான் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு.

நாற்பதாயிரம் பேர். மூன்று மணிக்குப் பெய்த மழையில் புல் வழுக்கியது. நடுவர் ஹாங்காங்கிலிருந்து வந்த லாம் என்பவர், குள்ளமான, அதிகம் பேசாத மனிதர். முதல் பாதியில் பர்மா ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு நாம் ஒன்று போட்டுச் சமன் செய்தோம். அந்தச் சத்தத்தில் ரெஜாப்புக்கு ஒரு விஷயம் புரிந்தது. இந்த இரைச்சலில் உதை காதில் விழாது. காதை நம்பிப் பழகிய மனிதர், அன்றைக்குக் கண்ணின் ஓரத்தால் உதைக்கிற காலின் அசைவைப் பிடித்துக்கொண்டு, கண்ணின் நடுவைத் தடுப்பாளர் மேல் வைத்துக்கொண்டு ஓடினார்.

எண்பத்தேழாவது நிமிடம். வலது ஓரத்திலிருந்து நம் ஆட்டக்காரர் பந்தை வளைத்து உள்ளே அனுப்பினார். நடுவே ஜம்ரி. அந்த ஆண்டு நாட்டின் செல்லப்பிள்ளை அவர்தான். சவரக்கடைக் கண்ணாடி ஒன்றுவிடாமல் அவர் படம் ஒட்டியிருக்கும். பாய்ந்து தலையால் முட்டினார். பந்து வலைக்குள் போனது.

அந்தச் சத்தத்தை அரங்கத்துக்கு வெளியே ஒரு மைல் தூரத்தில் இருந்தவர்களும் கேட்டதாகச் சொல்வார்கள். தொப்பிகள் மேலே பறந்தன. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஜம்ரி மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தார். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கோட்டோரம் ஒரு ஒல்லி மனிதர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் கொடி நேராக மேலே நின்றது.

லாம் அவரிடம் ஓடிவந்தார். இரண்டு பேரும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எவ்வளவு?”

ரெஜாப் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். “இவ்வளவு முன்னாடி.”

லாம் விசிலை ஊதி, கோல் இல்லை என்று கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு நடந்தது நல்ல காட்சி இல்லை. ஆரஞ்சுத் தோல் வந்தது, செருப்பு வந்தது, பாதி கடித்த சோளம் வந்தது. ஒரு சோடா பாட்டில் அவர் காலடியில் விழுந்து உடைந்தது. ரெஜாப் குனிந்து கண்ணாடித் துண்டுகளைக் காலால் கோட்டுக்கு வெளியே ஒதுக்கினார், ஆட்டக்காரர்கள் காலில் குத்திவிடக் கூடாது என்று. மறுபடி ஓடத் தொடங்கினார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதில் பர்மா ஒரு கோல் போட்டு ஜெயித்தது.

உடை மாற்றும் அறைக்குப் பர்மா அணியின் கேப்டன் தெய்ன் ஹான் வந்தார். கையில் அரக்குப் பூச்சு போட்ட ஒரு சின்னப் பெட்டி, அவர்கள் ஊர் வேலைப்பாடு. இரண்டு கையாலும் நீட்டினார். ரெஜாப் கையைக் கட்டிக்கொண்டார்.

“நான் உங்களுக்காகத் தூக்கல. எடுத்துட்டுப் போங்க.”

உடன் வந்தவர் அதை மொழிபெயர்த்தார். தெய்ன் ஹானின் முகம் சிவந்தது. பிறகு பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டுப் போனார். கூட்டம் கலையும்வரை ரெஜாப்பை அந்த அறையிலேயே உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பிறகு தர்மிசி தன் காரில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார்.

கம்சியா வானொலியில் எல்லாம் கேட்டிருந்தாள். கதவைத் திறந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவன் முன்னாடி இருந்தானா?”

“இருந்தான்.”

“அப்ப வந்து சாப்பிடுங்க.”

மறுநாள் சுதந்திர தினம். கம்சியாவின் அண்ணன் பக்ரி காலையிலேயே வந்துவிட்டார். லாரி ஓட்டுபவர், குரலும் லாரி மாதிரிதான் இருக்கும். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார்.

“மச்சான், ஒரே ஒரு தடவ கண்ண மூடியிருக்கக் கூடாதா? தும்மல் வந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமே லா! கண்ணுல பூச்சி விழுந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமே!”

“விழலயே.”

“நாட்டுக்காகன்னு நெனச்சா விழும்!”

“அண்ணே,” என்று உள்ளிருந்து கம்சியா குரல் கொடுத்தாள், “உங்க லாரி எடை மேடையில நின்னப்ப, நாட்டுக்காகக் கண்ண மூடிக்கோன்னு சொன்னீங்களா? எடை போட்டவன் கண்ண மூடிக்கப் பணம் கேட்டான்னு ஒரு வாரம் இங்க வந்து திட்டுனீங்களே?”

பக்ரி மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்காமல் போய்விட்டார். அது அவருடைய கோபத்தின் அளவு. அந்த வீட்டில் தேங்காய் போட்டு வறட்டும் ரெண்டாங் கறியை அவர் அதுவரை ஒரு தடவையும் விட்டுவைத்ததில்லை.

செப்டம்பர் ஒன்றாம் தேதி ரெஜாப்பின் விடுமுறை முடிந்தது. அன்றைக்கு அவர் மட்டம் போட்டிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். மற்ற லைன்ஸ்மேன்களை என்றால், திட்டுகிறவன் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். இவர் திட்டியவர்களுடைய வீட்டுக்கெல்லாம் வரிசையாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அஞ்சலகத்தின் மேலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ரெண்டு மாசம் உள்ள இருந்து கடிதம் பிரிக்கிற வேலையப் பாருங்க ரெஜாப். சூடு தணியட்டும்.”

“உள்ள போய் உக்காந்தா, தப்பு பண்ணிட்டு ஒளிஞ்சுக்கிட்டான்னு ஆயிடும் என்சிக்” என்று சொல்லிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தியாம் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். தியாம் கடிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“போஸ்ட்மேன், நல்லாப் பாத்தியா? இந்தக் கடிதாசு ஆஃப்சைட் இல்லயே?”

கடை முழுக்கச் சிரிப்பு. மூலையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்த பால்கார முனியாண்டி தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டான். “தவுக்கே, அவருக்குக் காப்பி குடுக்காதீங்க. குடிக்கிற நேரத்துல கொடியத் தூக்கிருவாரு!”

“முனியாண்டி, உனக்கும் ஒண்ணு இருக்கு” என்று ரெஜாப் தஞ்சோங் மாலிமிலிருந்து வந்த அட்டையை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “அக்காவுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு போல. வாழ்த்துக்கள்.”

அது அட்டை என்பதால் எழுத்து வெளியே தெரிந்தது, அவர் வேறு எதையும் பிரித்துப் படித்ததில்லை. முனியாண்டி வாயில் ரொட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

எல்லாரும் கிண்டலோடு நிறுத்தவில்லை. ஒரு வீட்டில் கதவைத் திறக்காமல், கடிதத்தை வேலியில் செருகிவிட்டுப் போகச் சொன்னார்கள். மழை வரும்போல இருந்தது. அவர் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் செருகினார். சைக்கிள் டயரை இரண்டு தடவை குத்தி வைத்திருந்தார்கள். ஒரு கிழவர், தன் மகனின் வேலை விண்ணப்பங்களுக்கு வந்த பதில்களையெல்லாம் ரெஜாப் கையால் வாங்கியவர், காறித் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு மட்டும் ரெஜாப் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

அதற்கும் மேல் ஒன்று வந்தது. ஒரு பத்திரிகையில் ஒரு படம் போட்டார்கள். ஜம்ரியும் பர்மாத் தடுப்பாளரும் ஓடுகிறார்கள். படத்தில் தடுப்பாளர்தான் கோலுக்குப் பக்கத்தில் இருக்கிறார், ஜம்ரி அரையடி பின்னால். ‘இது குற்றமா?’ என்று கீழே பெரிய எழுத்தில் ஒரு கேள்வி. அதை வெட்டித் தியாம் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். ரெஜாப் கிட்டே போய்ப் பார்த்தார்.

“இதுல பந்து எங்க?” என்றார்.

“பந்து எதுக்கு? ஆளத்தானே பாக்கணும்” என்றார் தியாம்.

“பந்து காலை விட்டுக் கெளம்புற நேரத்துலதான் ஆளப் பாக்கணும். இது எந்த நேரத்துல எடுத்ததுன்னு யாருக்குத் தெரியும்?”

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அன்றிலிருந்து அந்தப் படம் அவர் மண்டைக்குள்ளும் ஒட்டிக்கொண்டது. சைக்கிள் மிதிக்கும்போது, கடிதம் பிரிக்கும்போது, தொழுகைக்கு நிற்கும்போதுகூட ஜம்ரி ஓடினார். ஒரு நேரம் ஒரு தோள் முன்னால் ஓடினார், இன்னொரு நேரம் அரையடி பின்னால். இரைச்சலில் உதை காதில் விழவில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கண்ணின் ஓரம் ஏமாற்றியிருந்தால்?

அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம் கம்சியா தானாகவே கயிற்றைக் கொல்லையில் போட்டுத் தகர டப்பாவோடு கூப்பிட்டாள். தீனியை வீசித் தட்டினாள். ரெஜாப் வாயைத் திறந்தார், மூடினார்.

“எது?”

“தெரியல.”

மறுபடி தட்டினாள்.

“தெரியல கம்சியா.”

மறுநாள் அவர் சங்கத்துக்கு இரண்டு வரியில் ஒரு கடிதம் எழுதினார். லைன்ஸ்மேன் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி. அதை அவரே தன் கையால் முத்திரை குத்தி அனுப்பினார்.

அந்தக் கடிதத்தைத் தர்மிசி மேசைமேல் வைத்திருந்தார். பயிற்சிக்கு வந்த ஜம்ரி ஏதோ கையெழுத்துப் போட வந்த இடத்தில் அதைப் படித்துவிட்டார். அது நவம்பர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தியாம் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவர் தலைக்கவசத்தைக் கழற்றியதும் தியாமின் கையிலிருந்த காப்பி வடிகட்டி பாதியில் நின்றது.

“தபால் ரெஜாப் அண்ணன் வீடு எது?” என்று ஜம்ரி கேட்டார்.

கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ரெஜாப் உள்ளேதான் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கமாக அங்கே வருவதை யார் என்ன சொன்னாலும் நிறுத்தவில்லை. ஜம்ரி அவர் எதிரே போய் நின்றார். கடையில் இருபது பேர். தனியாக வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை.

“அண்ணே, நான் முன்னாடிதான் இருந்தேன்.”

தியாம் வடிகட்டியைக் கீழே வைத்தார்.

“பந்து கெளம்பறதுக்கு முந்தியே நான் கெளம்பிட்டேன். அந்தப் பர்மாக்காரன் பூட்ஸ் சத்தம் எனக்குப் பின்னாடி கேட்டுச்சு. எனக்கு அப்பவே தெரியும்.”

ரெஜாப் கண் கலங்கிக் கட்டிப்பிடிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். பன்னிரண்டு வருடத்தில் யாரும் கேட்டிராத குரலில் கத்தினார்.

“மூணு மாசம் எங்கடா இருந்தே? மூணு மாசம்! இந்தத் தெருவுல ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நின்னேன்டா நான். என் கண்ணு பொட்டையாயிடுச்சுன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். உன் வாயில ஒரு வார்த்த வரலயா?”

ஜம்ரி தலையைக் குனிந்துகொண்டார். “பயம் அண்ணே.”

“எனக்கு மட்டும் இல்லயா?”

“உங்களுக்கு இருந்துச்சு. இருந்தும் தூக்குனீங்க. எனக்கு இருந்துச்சு, வாய மூடிக்கிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

ரெஜாப் அவர் முகத்தைப் பார்த்தார். ஆட்டத்தில் பார்த்தபோது மலை மாதிரி தெரிந்த ஆள், கிட்டத்தில் இருபத்து மூன்று வயதுப் பையன்தான், மூக்கின் மேல் பரு. ரெஜாப் நாற்காலியைக் காலால் இழுத்துவிட்டார்.

“உக்காரு. சாப்பிட்டியா?”

“இல்லண்ணே.”

“தவுக்கே, ஒரு ரொட்டி. முட்டை போட்டு.”

ஜம்ரி போன பிறகும் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. “பாவம்னு பாத்து சொல்லிட்டுப் போறான்” என்றார் ஒருவர். துப்பிய கிழவர் கடைசிவரை நம்பவில்லை. தியாம் மட்டும் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கிழித்தார், அதுவும் யாரும் இல்லாத நேரம் பார்த்து. திங்கட்கிழமை மத்தியானம் ரெஜாப் வேலை முடிந்ததும் நேராகச் சங்கத்துக்குச் சைக்கிளை விட்டார். தான் எழுதிய கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். தர்மிசி இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை அவர் கோப்பில் சேர்க்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி பர்மாவோடு ஆட்டம் விழுந்தது. ஆட்டத்துக்கு முந்திய கூட்டத்தில் லைன்ஸ்மேன் யார் யார் என்று பேச்சு வந்தபோது, பர்மா அணியின் மேலாளர் தன் கேப்டனோடு காதில் ஏதோ பேசிவிட்டு, “உங்க தபால்காரர் இருந்தா அவரையே போடுங்க” என்றார். நம் பக்கத்தில்தான் சிலர் வேறு பெயர் சொல்லிப் பார்த்தார்கள்.

அந்த ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடத்தில் நம் ஆள் ஒருவர் கோல் போட்டார். கூட்டம் குதிக்கவில்லை. நாற்பதாயிரம் தலையும் முதலில் கோட்டோரம் திரும்பிப் பார்த்தது. கொடி கீழேதான் இருந்தது. ரெஜாப், கோல் செல்லும் என்பதற்கு அடையாளமாக, நடுக்கோட்டை நோக்கித் திரும்பி ஓடிக்கொண்டிருந்தார். பர்மாக்காரர்கள் நாலைந்து பேர் கையைத் தூக்கிக்கொண்டு அவரை நோக்கிப் பாய்ந்தார்கள். தெய்ன் ஹான், அப்போதும் அவர்தான் கேப்டன், குறுக்கே வந்து நின்றார். தன் ஆட்களில் முன்னால் வந்தவனின் மார்பில் கையை வைத்துத் தள்ளினார். என்ன சொன்னார் என்று பர்மா மொழி தெரிந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

“அவரு தூக்கலன்னா ஆஃப்சைட் இல்ல. போய் ஆடுங்க.”

நம் அணி அந்த ஒரு கோலில் ஜெயித்தது. ஆட்டம் முடிந்து ரெஜாப் வெளியே வரும்போது முதுகில் தட்டுவதற்கு ஒரு கூட்டம் காத்திருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. “அன்னைக்கும் இதே கண்ணுதான்யா” என்று முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளைத் தேடினார். வீட்டில் பக்ரி வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு தட்டு ரெண்டாங் கறி ஏற்கனவே காலி.

அதற்குப் பிறகு எட்டு ஆகஸ்ட் அவர் ஓடினார். கொரியர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் அவர் பெயர் வாயில் நுழையவில்லை, ‘போஸ்ட்மேன்’ என்றுதான் கேட்டு வாங்குவார்கள். முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது தானாகவே நிறுத்திக்கொண்டார். தபால் பையை மட்டும் ஓய்வு பெறும்வரை இறக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு ஆகஸ்டிலும் தியாமும் அவரும் சேர்ந்து போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்காருவார்கள். ஒருமுறை முன்வரிசையில் ஒருவன் லைன்ஸ்மேனைப் பார்த்து, “குருட்டுப் பயலே!” என்று கத்திக்கொண்டிருந்தான். ரெஜாப் அவன் தோளைத் தட்டினார்.

“அவரு நிக்கிற எடத்துல நின்னு பாத்தியா தம்பி?”

“நீங்க என்ன பெரிய லைன்ஸ்மேனா?” என்று அவன் திரும்பினான்.

ரெஜாப் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தியாமால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு வரிசை முன்னால் இறங்கிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த அரைமணி நேரம் அவன் ஆட்டமே பார்க்கவில்லை, கதைதான் கேட்டான். தியாம் சொன்ன கதையில், அந்த வட்டாரத்திலேயே தியாம் ஒருவர்தான் முதல் நாளிலிருந்து ரெஜாப்பின் பக்கம் நின்றவர்.